விஸ்கி ஏரி: குடித்துத் தீராத இருப்பின் வரலாறு

விஸ்கி ஏரி என்பது 1980களில் ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் விற்பனையாகாமல் தேங்கிய விஸ்கி இருப்புக்கு வழங்கிய பெயர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் வேளாண் கொள்கையால் வாங்குவோரின்றிக் குவிந்த வெண்ணெயை அக்காலச் செய்தித்தாள்கள் 'வெண்ணெய் மலை' என்றும், ஒயினை 'ஒயின் ஏரி' என்றும் எழுதின. அந்தப் பாணியிலேயே விஸ்கிக்கும் ஓர் ஏரி உருவானது. உற்பத்தியாளர்களிடம் உலகம் குடிக்கக்கூடியதை விட அதிகமான விஸ்கி இருந்தது. அதன் விளைவாகப் பல வடிசாலைகள் மூடப்பட்டன, சிற்றூர்கள் தம் முதன்மையான தொழிலை இழந்தன. பின்னர் அதே இருப்பில் எஞ்சிய சில பீப்பாய்கள் உலகின் மிக விலையுயர்ந்த மதுவாக மாறி, தனிமனிதர்களின் அலமாரிகளில் குடிக்கப்படாமலே மீண்டும் தேங்கின. இந்த இரண்டு தேக்கங்களுக்கும் இடையிலான தொடர்பை இக்கட்டுரை விவரிக்கிறது.

காலம் என்னும் மூலப்பொருள்

விஸ்கி தானியத்திலிருந்து செய்யப்படும் வடிமது. மால்ட் விஸ்கிக்குப் பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்துச் செம்புக் கலங்களில் காய்ச்சி வடிக்கிறார்கள். இந்த வேலைகளுக்குச் சில நாட்களே போதும். ஆனால் வடித்தெடுத்த நிறமற்ற சாராயம் சட்டப்படி இன்னும் விஸ்கி ஆகாது. ஸ்காட்லாந்தில் 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்த பின்னரே அதை ஸ்காட்ச் விஸ்கி என்று விற்கலாம். முதல் உலகப் போரின்போது 1915இல் வந்த சட்டத்தால் இந்தக் காத்திருப்பு கட்டாயமானது. நடைமுறையில் நல்ல மால்ட் விஸ்கி பத்து, பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கும் மேலோ பீப்பாயில் கிடக்கிறது.

ஆகவே, இன்று வடிக்கும் ஆலை உரிமையாளர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு யார் எவ்வளவு குடிப்பார்கள் என்பதை இன்றே கணிக்க வேண்டும். நெல் விளைந்து விலை சரிந்தால் அடுத்த பருவத்தில் வேறு பயிர் வைக்கலாம். விஸ்கியில் அடுத்த பருவம் என்பது பத்தாண்டுக்கு அப்பால் இருக்கிறது. கணிப்பு குறைவாகப் போனால் விற்பதற்குச் சரக்கு இருக்காது. கூடுதலாகப் போனால் கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் ஆண்டுதோறும் ஏறும்.

பீப்பாயில் இருக்கும் விஸ்கி முழுமையாகவும் நிற்பதில்லை. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த காலநிலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிறது. இதைத் 'தேவதைகளின் பங்கு' என்று அத்தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். வெப்பம் மிகுந்த பெங்களூரில் இந்த இழப்பு ஆண்டுக்குப் 10 விழுக்காட்டை எட்டும். அதனால்தான் இந்திய மால்ட் விஸ்கிகளில் இருபது, முப்பது ஆண்டுப் பழமை கொண்டவற்றைக் காண்பது அரிது. நீண்ட காலம் சேர்த்து வைப்பதற்குக் குளிர்நாடே ஏற்ற இடம். சேர்த்து வைக்க முடிந்ததே ஸ்காட்லாந்தின் செல்வமாகவும் சிக்கலாகவும் அமைந்தது.

முதல் பெருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டுநில ஸ்காட்லாந்தின் விஸ்கியில் பெரும்பகுதி திருட்டுத்தனமாகவே வடிக்கப்பட்டது. 1823ஆம் ஆண்டின் கலால் சட்டம் வரியைக் குறைத்து, ஆண்டுக்குப் பத்து பவுண்டு உரிமக் கட்டணத்தில் சட்டபூர்வமாக வடிக்க வழி செய்தது. அடுத்த ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றார். 1830இல் ஏனியஸ் காஃபி என்ற முன்னாள் கலால் அதிகாரி, இடைவிடாமல் வடிக்கும் தூண் வடிகலத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதன் மூலம் மலிவான தானிய விஸ்கியைப் பெருமளவில் செய்ய முடிந்தது. மணம் மிகுந்த மால்ட் விஸ்கியையும் மென்மையான தானிய விஸ்கியையும் கலந்து விற்கும் கலப்பு விஸ்கி 1860களில் பரவியது.

இதே காலத்தில் ஃபைலாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயினும் பிராந்தியும் அருகின. பிராந்தி அருந்திய ஆங்கிலேய மேல்தட்டினர் கலப்பு விஸ்கிக்கு மாறினர். பேரரசு பரவிய இடங்களுக்கெல்லாம் விஸ்கியும் சென்றது. 1890களில் மட்டும் ஸ்காட்லாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புதிய வடிசாலைகள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பே ஆற்றுப் பகுதியில் அமைந்தன. வங்கிகள் பீப்பாய்களை அடமானமாக ஏற்றுக் கடன் கொடுத்தன. விஸ்கி முதிர முதிர விலை ஏறும் என்ற நம்பிக்கையில், அத்தொழிலோடு தொடர்பில்லாதவர்களும் பீப்பாய் வாங்கிக் கிடங்கில் விட்டு வைத்தார்கள்.

பாட்டிசன் வீழ்ச்சி

இந்த நம்பிக்கையின் உச்சத்தில் நின்றவர்கள் லீத் துறைமுகத்தில் வணிகம் செய்த ராபர்ட் பாட்டிசன், வால்டர் பாட்டிசன் என்ற சகோதரர்கள். பால்பொருள் வணிகத்திலிருந்து விஸ்கிக் கலப்புக்கு வந்த அவர்கள் 1896இல் தம் நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். ஆடம்பரமான அலுவலகங்களும் விளம்பரச் செலவும் அவர்களை நாடறியச் செய்தன. தம் விஸ்கியின் பெயரைச் சொல்லப் பழக்கிய 500 கிளிகளைக் கடைகளுக்கு அனுப்பினார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது.

உள்ளே நிலைமை வேறாக இருந்தது. இருப்பின் மதிப்பைக் கூட்டிக் காட்டினார்கள். கடனை அடைக்க மேலும் கடன் வாங்கினார்கள். மலிவான சாராயத்தில் சிறிதளவு நல்ல மால்ட்டைக் கலந்து, உயர்ந்த கிளென்லிவெட் விஸ்கி என்று விற்றார்கள். 1898 டிசம்பரில் நிறுவனம் கொடுப்பனவுகளை நிறுத்தியது. அதற்குச் சரக்கு விற்றவர்களும் கடன் கொடுத்தவர்களும் அடுத்தடுத்து விழுந்தார்கள். 1901இல் சகோதரர்கள் இருவரும் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள்.

வீழ்ச்சிக்கு முழுக் காரணமும் இருவரின் மோசடி அல்ல. கிடங்குகளில் தேவைக்கு மேல் விஸ்கி நிரம்பியிருந்ததால்தான் ஒரு நிறுவனத்தின் சரிவு முழுத் தொழிலின் சரிவாக மாறியது. அப்போது கட்டி முடிக்கப்பட்டுக்கொண்டிருந்த கிளென் எல்ஜின் வடிசாலையின் கட்டடக் கலைஞர் சார்லஸ் டாய்க், இனி ஐம்பது ஆண்டுகளுக்கு ஸ்பே பகுதியில் புதிய வடிசாலை எழாது என்று கணித்தார். அவர் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்தது. அடுத்த வடிசாலையான டார்மோரின் கட்டுமானம் 1958இல்தான் தொடங்கியது.

வீழ்ச்சியால் பயனடைந்தவர்களும் உண்டு. தாழ்நிலத்துத் தானிய வடிசாலைகள் ஆறு சேர்ந்து 1877இல் தொடங்கிய டிஸ்டில்லர்ஸ் கம்பெனி, விழுந்தவர்களின் ஆலைகளையும் இருப்பையும் குறைந்த விலைக்கு வாங்கியது. 1925இல் ஜான் வாக்கர், புக்கனன்–டூவர் நிறுவனங்களும் அதனுடன் இணைந்தன. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கும் அதையொட்டிய பொருளாதாரப் பெருமந்தமும் சிறு ஆலைகளை மேலும் நசுக்கின. ஒருகாலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வடிசாலைகளுடன் விளங்கிய கேம்பல்டவுன் நகரில் 1930களின் நடுவில் இரண்டே எஞ்சின.

1983

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவில் ஸ்காட்ச் விஸ்கிக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. போர்க்காலத்தில் தானியப் பற்றாக்குறையால் உற்பத்தி குறைந்திருந்ததால் முதிர்ந்த சரக்கு போதவில்லை. 1950களின் இறுதியிலிருந்து ஆலைகள் வடிகலங்களை இரட்டிப்பாக்கின. மூடிக் கிடந்தவை திறக்கப்பட்டன. ஐலா தீவின் போர்ட் எல்லன் வடிசாலை 1930 முதல் பூட்டியிருந்தது. அது 1967இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் இயங்கியது. ஒவ்வொரு ஆண்டும் விற்பனை ஏறியதால், அடுத்த பத்தாண்டிலும் அதே வேகத்தில் ஏறும் என்ற கணிப்பில் பீப்பாய்கள் நிரப்பப்பட்டன. உற்பத்தி 1974 அளவில் உச்சம் தொட்டது.

ஆனால் 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை பாய்ந்து ஏறியது. மேற்கு நாடுகளில் பொருளாதாரம் தேங்கியது. இளைய தலைமுறை ஓட்காவையும் வெள்ளை ரம்மையும் ஒயினையும் நாடியது. விஸ்கி அப்பா காலத்துக் குடியாகத் தெரிந்தது. எழுபதுகளின் நம்பிக்கையில் நிரப்பிய பீப்பாய்கள் முதிர்ந்து வெளிவர வேண்டிய நேரத்தில் வாங்குவோர் குறைந்திருந்தார்கள்.

1983இல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி தன் 45 வடிசாலைகளில் 11ஐ மூடியது. போர்ட் எல்லன், புரோரா, டல்லஸ் டூ, கிளென் ஆல்பின், கிளென் மோர், கிளென்லாக்கி, நாக்டூ, நார்த் போர்ட், செயின்ட் மேக்டலீன், பான்ஃப் ஆகிய மால்ட் வடிசாலைகளும் கார்ஸ்பிரிஜ் என்ற தானிய வடிசாலையும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1985இல் மேலும் சில மூடப்பட்டன. பிற நிறுவனங்களும் இதையே செய்தன. ஐலாவின் ஆர்ட்பெக் 1981இலேயே நின்றுவிட்டது.

எந்த ஆலையை மூடுவது என்பதில் விஸ்கியின் சுவை முதன்மையான அளவுகோலாக இருக்கவில்லை. இந்த ஆலைகளின் சரக்கு பெரும்பாலும் கலப்பு விஸ்கிகளுக்குள் பெயர் தெரியாமல் கலந்து போனது. ஒரே பகுதியில் ஒரே வகை விஸ்கி தரும் இரண்டு ஆலைகள் இருந்தால், பழையதோ சிறியதோ மூடப்பட்டது. புரோராவுக்கு அருகிலேயே 1960களில் கட்டிய புதிய கிளைனலிஷ் ஆலை இருந்தது. போர்ட் எல்லனின் அதே முதலாளிக்கு ஐலாவிலேயே லகவூலின், கால் ஈலா என்ற இரு ஆலைகள் இருந்தன. கணக்குப் புத்தகத்தின்படி அது சரியான முடிவாகவே தெரிந்தது.

ஊர்களுக்கு அது வேறு கணக்கு. வடிசாலையில் வேலை செய்தவர்கள் சில பத்துப் பேர்தான் என்றாலும், சிற்றூரில் அந்தச் சம்பளத்தை நம்பியே கடையும் பள்ளியும் வீடுகளும் இருந்தன. கட்டடங்களும் நிலைக்கவில்லை. இன்வர்னஸ் நகரின் கிளென் ஆல்பினும் கிளென் மோரும் இடிக்கப்பட்டு அங்கே கடைவளாகம் வந்தது. செயின்ட் மேக்டலீன் அடுக்குமாடிக் குடியிருப்பானது. பான்ஃப் 1991இல் தீயில் அழிந்தது. டல்லஸ் டூ அருங்காட்சியகமானது. நாக்டூ மட்டும் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டு 1989இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. டிஸ்டில்லர்ஸ் கம்பெனியே 1986இல் கின்னஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1997இல் கின்னஸும் கிராண்ட் மெட்ரோபாலிட்டனும் இணைந்து டியாஜியோ உருவானது.

எஞ்சியது மதிப்பு பெறுதல்

ஆலைகள் மூடப்பட்டாலும் பீப்பாய்கள் கிடங்கில் இருந்தன. அவற்றை வாங்க அவசரம் காட்டுவோர் இல்லாததால் அவை முதிர்ந்துகொண்டே இருந்தன. சந்தை நன்றாக இருந்திருந்தால் பத்து வயதிலேயே கலப்பு விஸ்கிக்குள் போயிருக்க வேண்டிய சரக்கு, இருபது, முப்பது வயதைக் கடந்தது.

இதற்கிடையே சுவையும் மாறியது. ஒரே வடிசாலையின் மால்ட் விஸ்கியை வேறெதனுடனும் கலக்காமல் விற்பதை 1963இல் கிளென்ஃபிடிக் வெளிநாட்டுச் சந்தைகளில் முன்னெடுத்தது. ஆலைகள் மூடப்பட்ட அதே 1983இல் எடின்பரோவில் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம் தொடங்கி, தனித்தனிப் பீப்பாய்களை அப்படியே புட்டியில் அடைத்து உறுப்பினர்களுக்கு வழங்கியது. 1988இல் ஆறு வடிசாலைகளின் மால்ட்டுகள் 'கிளாசிக் மால்ட்ஸ்' என்ற வரிசையாகக் கடைகளுக்கு வந்தன. குடிப்பவர்கள் வடிசாலைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டார்கள். அப்போதுதான் சில பெயர்கள் இனி வடிக்கப்படவே போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது.

2001 முதல் டியாஜியோ போர்ட் எல்லனின் எஞ்சிய பீப்பாய்களை ஆண்டுக்கொரு முறை சில ஆயிரம் புட்டிகளாக வெளியிட்டது. 2010களில் புதிய வெளியீட்டின் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. ஜப்பானிலும் இதே கதை நடந்தது. 1983இல் உச்சம் தொட்ட ஜப்பானிய விஸ்கி நுகர்வு அதன் பின் சரிந்தது. கருய்சாவா, ஹன்யு ஆகிய ஆலைகளில் 2000இல் உற்பத்தி நின்றது. விற்க முடியாத ஹன்யு பீப்பாய்களை நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிரோ அகுட்டோ மீட்டு, சீட்டுக்கட்டின் பெயர்களில் புட்டிகளாக வெளியிட்டார். அந்த வரிசையின் 54 புட்டிகளும் சேர்ந்த முழுத் தொகுப்பு 2019இல் ஹாங்காங் ஏலத்தில் 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் விலை போனது.

சேகரிப்பாளர்கள்

விஸ்கி புட்டிக்குள் முதிர்வதில்லை. மரத்துடனான தொடர்பு அறுந்ததும் மாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டு விஸ்கியை வாங்கி இருபது ஆண்டு வைத்திருந்தாலும் அது பன்னிரண்டு ஆண்டு விஸ்கிதான். ஆகவே ஒயினைப் போலச் சுவை கூடும் என்பதற்காக எவரும் விஸ்கிப் புட்டியைச் சேமிப்பதில்லை. அரிது என்பதற்காகவோ, விலை ஏறும் என்பதற்காகவோ, ஒரு வரலாற்றைக் கையில் வைத்திருக்கும் நிறைவுக்காகவோ சேமிக்கிறார்கள். திறக்காத புட்டி பல பத்தாண்டுகள் தாங்குவதால் இது சாத்தியமாகிறது.

பிரேசிலைச் சேர்ந்த கிளைவ் விடிஸ் 35 ஆண்டுகளில் 3,384 ஸ்காட்ச் விஸ்கிப் புட்டிகளைச் சேர்த்தார். 2006இல் அந்தச் சேகரிப்பை டியாஜியோ வாங்கியது. 2009 முதல் அது எடின்பரோவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. ஒரு 70 சென்டிலிட்டர் புட்டியில் பிரிட்டிஷ் மதுக்கடைகளின் 25 மில்லிலிட்டர் அளவுக்கு 28 கோப்பைகள் உண்டு. நாளொன்றுக்கு ஒரு கோப்பை என்று குடித்தால் அந்தச் சேகரிப்பு தீர ஏறக்குறைய 260 ஆண்டுகள் ஆகும். 2020இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரிலுள்ள இணைய ஏல நிறுவனம் ஒன்று, மறைந்த அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரின் 3,900க்கும் மேற்பட்ட புட்டிகளை இரு பகுதிகளாக விற்றது. அவற்றைச் சேர்த்தவர் குடிக்காமல் விட்டதை வாங்கியவர்களிலும் பலர் திறக்கப் போவதில்லை.

இந்தப் போக்கின் உச்சம் மெக்காலன் 1926. ஒரே பீப்பாயில் 60 ஆண்டுகள் இருந்து 1986இல் புட்டியில் அடைக்கப்பட்ட இந்த விஸ்கியில் 40 புட்டிகள் மட்டுமே உண்டு. அவற்றில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது.

போலிகள்

குடிப்பதற்காக வாங்கப்படாத பொருளில் போலி எளிதில் நுழையும். திறக்காத புட்டியின் உள்ளே இருப்பதை யாரும் சுவைத்துப் பார்ப்பதில்லை. 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர விடுதி ஒன்றில், 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று நம்பப்பட்ட விஸ்கியில் ஒரு கோப்பைக்குச் சீன விருந்தினர் ஒருவர் 9,999 சுவிஸ் பிராங்க் கொடுத்தார். பின்னர் செய்த கதிரியக்கக் கார்பன் சோதனையில் அது 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. விடுதி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று சோதித்த 55 அரிய புட்டிகளில் 21 போலியாகவோ, குறிப்பிட்ட ஆண்டைச் சேராதவையாகவோ இருந்தன. 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கார்பன்-14 அளவை உயர்த்தின. அதன் சுவடு அக்காலத்துக்குப் பின் விளைந்த பார்லியில் பதிந்திருப்பதால் இந்தச் சோதனை சாத்தியமாகிறது.

பீப்பாய் முதலீட்டிலும் இதே ஆபத்து உண்டு. சட்டப்படி விஸ்கி முதிரும் பீப்பாய் உரிமம் பெற்ற கிடங்கிலேயே இருக்க வேண்டும். வாங்கியவர் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அவர் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்பது, இல்லாத பீப்பாயை விற்பது போன்ற மோசடிகள் அண்மை ஆண்டுகளிலும் பிரிட்டனில் வெளிவந்துள்ளன. பாட்டிசன் காலத்து முதலீட்டாளர்கள் இவற்றை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இன்றைய இருப்பு

2017இல் டியாஜியோ போர்ட் எல்லனையும் புரோராவையும் மீண்டும் கட்டப்போவதாக அறிவித்தது. புரோரா 2021இலும் போர்ட் எல்லன் 2024இலும் இயங்கத் தொடங்கின. 1993இல் மூடப்பட்ட ரோஸ்பேங்க் வேறொரு நிறுவனத்தின் கையில் 2023இல் உயிர்பெற்றது. ஒருகாலத்தில் மிகுதி என்று கைவிடப்பட்டவை பற்றாக்குறை என்பதற்காக மீண்டும் எழுப்பப்பட்டன.

ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் கணக்குப்படி இன்று ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பீப்பாய்கள் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 55 லட்சம். அதாவது குழந்தைகள் உட்பட ஆளுக்கு நான்கு பீப்பாய். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் மக்களை விடப் போர்பன் பீப்பாய்களே அதிகம். இந்த இருப்பில் பெரும்பகுதி வெளிநாடுகளை நம்பி நிரப்பப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்துத் தேவை தணிந்தது, வாழ்க்கைச் செலவு ஏறியது, அமெரிக்க இறக்குமதி வரி நிலையின்றி மாறியது ஆகியவற்றால் 2024, 2025 ஆண்டுகளில் பல நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தன. ஏலச் சந்தையிலும் 2022க்குப் பின் விலைகள் இறங்கின. 'விஸ்கி ஏரி' என்ற சொல் மீண்டும் வணிகப் பக்கங்களில் தென்படுகிறது.

1898, 1983, இன்றைய நிலை ஆகிய மூன்றிலும் ஒரே அமைப்பு காணப்படுகிறது. நிகழ்காலத்து விற்பனையைக் கொண்டு எதிர்காலத்துத் தாகம் அளக்கப்படுகிறது. அந்த அளவீடு சரியா என்பது பத்தாண்டுகளுக்குப் பிறகே தெரியவருகிறது. தவறினால் அதன் விலையை முதலில் கொடுப்பவர்கள் ஆலைத் தொழிலாளர்களும் அவர்களின் ஊர்களும். பலன் பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் ஏலதாரர்களுக்குப் போகிறது. போர்ட் எல்லனின் பழைய புட்டி ஒன்றை இன்று கண்ணாடிப் பேழையில் காண்பவர், 1983இல் யாரும் வாங்க விரும்பாத சரக்கையே பார்க்கிறார்.